விக்டோரியா ஏரி மீன்களின் மரபுச் செல்வம்

நீர்நிலையொன்றின் பழைய வரலாற்றை அதில் வாழும் மீன்களின் மரபணுக்களிலும் நாம் படித்தறியலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரந்த இவ்வேரியின் சராசரி ஆழம் 40 மீட்டரே. எனவே பனியூழியின் இறுதியில் மழை குறைந்தபோது அது வற்றித் தரையாயிற்று. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் மழை மிகுந்து மீண்டும் நிறைந்தது.

நம் குளங்களில் 'ஜிலேபி' என வழங்கும் திலாப்பியாவின் குடும்பம் சிக்லிட் ஆகும். இக்குடும்பத்தின் ஏறத்தாழ 500 இனங்கள் இக்குறுகிய காலத்தில் அவ்வேரியில் தோன்றியது எங்ஙனம்? 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு விடை தருகிறது. ஏறத்தாழ 1,50,000 ஆண்டுகளுக்கு முன், மழை மிகுந்த காலமொன்றில், காங்கோ, மேல்நைல் ஆற்றுப் பகுதிகளின் மீன்மரபுகள் இரண்டு கலந்தன. அக்கலப்பின் வழிவந்தவை வறட்சியைக் கடந்து புதிய ஏரியில் குடியேறின. ஒளியை உணரும் மரபணுவின் இருவேறு வடிவங்கள் அவற்றிடம் இருந்தன. ஆகவே செவ்வொளி மிகுந்த ஆழத்தில் சிலவும், நீல ஒளி எட்டும் மேல்நீரில் சிலவுமாகப் பிரிந்து, தம் கண்ணுக்கு நன்கு புலப்படும் நிறத்து இணையையே நாடித் தனியினங்களாயின.

1950-களில் நைல் பெர்ச் என்னும் பெரிய இரைகொல்லி மீன் ஏரியில் விடப்பட்டது. 1980-களில் அது பெருகியபோது பல இனங்கள் மறைந்தன. கழிவுகளால் நீர் கலங்கவே, நிறம் புலப்படாமல் எஞ்சியவற்றுள் சிலவும் தம்முள் கலந்து வேற்றுமை இழந்தன. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி ஒரு தலைமுறையில் அழிந்தது. நம் ஏரி குளங்களில் அயல்மீன் விடுமுன் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.