குளிர்கால கப்பல் சுற்றுலா: அம்மாவும் டீன்ஏஜ் பிள்ளையும் மட்டும் போனால் ‘குழந்தைகளுக்கு இலவசம்’ கிடைக்குமா? பட்ஜெட்டுக்குள் தேர்வு செய்வது எப்படி?

லண்டனில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி முடியும் வரை குளிரும் மழையும்தான். இதனால் பிரிட்டனில் ‘விண்டர் சன்’ என்ற பெயரில் வெயில் தேடிப் போகும் சுற்றுலா பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. தங்குவது, சாப்பாடு, ஊருக்கு ஊர் போகும் செலவு எல்லாம் ஒரே டிக்கெட்டில் அடங்குவதால், அதில் கப்பல் பயணத்துக்குத் தனி மவுசு.

ஆனால் கப்பல் நிறுவனங்கள் கட்டணம் போடுவது இரண்டு பெரியவர்கள் கொண்ட குடும்பத்தை மனதில் வைத்துத்தான். அம்மாவோ அப்பாவோ ஒருவர், கூடவே 13, 14 வயதுப் பிள்ளை என்று இரண்டே பேர் போகும்போது அந்தக் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. அங்கு வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒன்றிரண்டு சிக்கல்களும் உண்டு.

‘குழந்தைகளுக்கு இலவசம்’ யாருக்கு?

கப்பல் அறையின் கட்டணம் பெரும்பாலும் ‘இருவர் தங்கினால், ஒருவருக்கு’ என்ற அடிப்படையில்தான் சொல்லப்படும். முதல் இரண்டு பேர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இலவசமோ தள்ளுபடியோ வருவது அதே அறையில் தங்கும் 3-வது, 4-வது நபருக்குத்தான். இருவர் மட்டும் போனால் அந்தப் பிள்ளைதான் 2-வது நபர். அப்போ, வயது 13 ஆனாலும் 43 ஆனாலும் கட்டணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

உதாரணத்துக்கு, விளம்பரத்தில் ஒருவருக்கு 700 பவுண்டு என்று இருந்தால், 1,400 பவுண்டில் இருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒற்றைப் பெற்றோருக்குச் சலுகை உண்டா என்று போன் போட்டு நேரடியாகக் கேட்பது நல்லது. எப்போதாவது கிடைக்கும், ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட மாட்டார்கள்.

மலிவாக இருக்கிறது, ஆனா வெயில் இருக்கிறதா?

ஜனவரியில் மத்திய தரைக்கடல் கப்பல்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாக இருக்கும். காரணம் எளிது. பார்சிலோனாவில் அப்போது பகல் வெப்பநிலையே சுமார் 14 டிகிரிதான். ஊர் சுற்றலாம், நீச்சல் குளத்தில் இறங்க முடியாது.

பக்கத்தில் நிஜமான வெயில் வேண்டும் என்றால் ஸ்பெயினின் கேனரி தீவுகள்தான். டெனெரிஃப், கிரான் கனேரியா பக்கம் குளிர்காலத்திலும் பகலில் 20, 21 டிகிரி இருக்கும். கரீபியனில் 28 டிகிரியைத் தாண்டும். ஆனால் பார்படோஸ் போகவே விமானத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும், டிக்கெட் விலையும் அதற்கேற்ப ஏறும். இதில் சின்ன ஆறுதல் ஒன்று: எகானமி வகுப்பில் போகும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு பிரிட்டனின் விமானப் பயணிகள் வரி கிடையாது.

தேதிதான் விலையைத் தீர்மானிக்கும்

கேனரிக்கு இரண்டு வழி. சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறினால் விமானச் செலவு மிச்சம். ஆனால் போக 3 நாள், வர 3 நாள் கடலிலேயே கழியும், மொத்தம் 12 முதல் 14 இரவு ஆகிவிடும். நடுவில் பிஸ்கே விரிகுடா வேறு. குளிர்காலத்தில் அலைகள் முரட்டுத்தனமாக இருக்கும், வாந்தி மாத்திரை இல்லாமல் போகக் கூடாது.

இன்னொன்று, டெனெரிஃப் வரை விமானத்தில் போய் அங்கு 7 இரவுக் கப்பலைப் பிடிப்பது. பள்ளி மாணவருக்கு இதுதான் பொருந்தும். பிப்ரவரி ‘ஹாஃப் டெர்ம்’ விடுமுறை, வார இறுதிகளோடு சேர்த்து 9 நாள்தான். 14 இரவுப் பயணத்தை கிறிஸ்துமஸ் விடுமுறையில் மட்டுமே அடக்க முடியும், அப்போது விலை உச்சத்தில் இருக்கும்.

‘விடுமுறைக்கு முந்தைய வாரம் பாதி விலை, பள்ளிக்கு லீவு போட்டுவிடலாம்’ என்று பலருக்கும் தோன்றும். இங்கிலாந்தில் அனுமதியின்றி இப்படி லீவு போட்டால் அபராதம் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல், 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதன் பிறகு 28 நாட்களுக்குள் 160 பவுண்டு. 3 ஆண்டுகளுக்குள் 2-வது முறை என்றால் நேரடியாக 160. ஜிசிஎஸ்இ படிக்கும் பிள்ளை என்றால் அபராதத்தைவிட, விட்டுப்போகும் பாடம்தான் பெரிய நஷ்டம். ஹாஃப் டெர்ம் வாரம் ஊருக்கு ஊர் மாறுவதால், பள்ளி காலண்டரைப் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. கடைசி நேரத் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் இந்த வாரத்துக்குச் சரிப்படாது. தேவை அதிகம் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்வதுதான் லாபம்.

கப்பலில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

மலிவான கப்பல் கண்ணில் பட்டதும் முதலில் வயது வரம்பைப் பாருங்கள். பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்கேடியா, அரோரா, மரெல்லாவின் எக்ஸ்ப்ளோரர் 2 ஆகியவை பெரியவர்களுக்கு மட்டுமானவை. அனுமதி உள்ள கப்பலிலும், அந்த வாரத்தில் சக வயதுப் பிள்ளைகள் வருவார்களா என்பது முக்கியம். பள்ளி நாட்களில் டீன்ஏஜ் கிளப் காலியாகக் கிடந்தால், 14 வயதுப் பிள்ளை 7 நாளும் ஜன்னல் இல்லாத அறையில் போனோடு முடங்கிவிடும். எம்.எஸ்.சி. கப்பல்களில் 12-14, 15-17 என்று தனித்தனி கிளப் உண்டு. இந்தப் பிரிவு நல்ல விஷயம், 12 வயதும் 17 வயதும் ஒரே அறையில் ஒட்டாது.

டிக்கெட்டுக்கு மேல் வரும் பில்

பல நிறுவனங்கள் சர்வீஸ் சார்ஜ் என்ற பெயரில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பிடிக்கும். 18 டாலர் என்று வைத்தால்கூட 7 நாளில் இருவருக்கு 252 டாலர். பிள்ளைக்கும் உண்டு. பி அண்ட் ஓ டிக்கெட்டில் இது அடங்கியிருக்கிறது. மரெல்லாவில் டிப்ஸோடு பானங்களும் சேர்த்திதான். அதனால் பார்வைக்கு 150 பவுண்டு கூடுதலாகத் தெரியும் டிக்கெட், கடைசியில் மலிவாக முடிய வாய்ப்புண்டு. கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்க வேண்டும் என்பதில்லை. கேனரி துறைமுகங்கள் பல, ஊருக்குள் நடந்தே போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பாஸ்போர்ட், பெயர், அனுமதிக் கடிதம்

பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்டவர்களின் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். ஸ்பெயினில் இருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் அது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்குக் கட்டணம் 90 யூரோ, 12 வயதானாலே முழுக் கட்டணம். கப்பல் மொராக்கோவின் அகாதிர் போன்ற இடத்துக்குப் போய்த் திரும்பினால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அம்மாவின் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர் என்று இருக்கும்போது, பாஸ்போர்ட்டில் இருவரின் குடும்பப் பெயரும் பொருந்தாது. பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். பெற்றோர் பிரிந்திருந்தாலும், சட்டப்படி உரிமையுள்ள மற்றவரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போவது இங்கிலாந்தில் குற்றம். பிள்ளை தன்னுடன் வசிக்க நீதிமன்ற உத்தரவு பெற்றவர் மட்டும் 28 நாள் வரை சம்மதமின்றிக் கூட்டிப்போகலாம்.

போன் பில் ஜாக்கிரதை

கரையைத் தாண்டியதும் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்குக்கு மாறிவிடும். ஐரோப்பிய ரோமிங் திட்டம் அங்கு செல்லாது. பிள்ளை இரண்டு வீடியோ பார்த்தாலே பில் எகிறும். கப்பல் கிளம்பும்போதே இரண்டு போனையும் ஃபிளைட் மோடில் போட்டுவிட வேண்டும்.