கையடக்க இசை – 8: பெட்டியை விடுங்கள், காதைப் பாருங்கள்

‘15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கச்சேரிப் பதிவுகள் கேட்க நல்ல பிளேயர் ஒன்று சொல்லுங்கள்’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இயர்போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். பணத்தையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, சத்தம் வருகிற இடத்தில் சிக்கனம் பிடிப்போம். என் யோசனை நேர் எதிரானது.

இதற்கு வாக்மேனே சாட்சி. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென்னுக்கு வந்த அந்த சோனி கருவியில், டேப் ஓட்டும் பகுதி ஒன்றும் புதிதில்லை. நிருபர்கள் பேட்டி எடுக்க வைத்திருந்த ‘பிரஸ்மேன்’ ரெக்கார்டரில் பதிவு செய்யும் வசதியைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோ ஆக்கியிருந்தார்கள். புதுசு என்றால் ஹெட்போன்தான். அன்றைக்கு ஹெட்போன் 300, 400 கிராம் கனக்கும். சோனி அதை ஏறத்தாழ 50 கிராமுக்குக் கொண்டுவந்தது. அது இல்லாவிட்டால் யார் அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்திருப்பார்கள்? (முதல் மாடலில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் உண்டு. ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தினால் பாட்டு அடங்கி, பேசுவது மைக் வழியாகக் கேட்கும். பின்னால் இந்தப் பேசும் வசதியைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.)

இன்று கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் காதுத் துளைக்குள் செருகும் ரகம். அதோடு ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று ரப்பர் முனைகள் வரும். பலர் அதைப் பிரிக்காமலேயே குப்பையில் போடுகிறார்கள். உள்ளதிலேயே முக்கியமான உறுப்பு அதுதான். முனைக்கும் காதுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், பாஸ் அத்தனையும் வெளியே போய்விடும். சோதிப்பது எளிது. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அதுவரை ஈனமாகக் கேட்ட தொப்பி (மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கம்) சட்டென்று கும்மென்று எழுந்தால், முனை பொருந்தவில்லை என்று அர்த்தம். அளவை மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் போட வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. பலருக்கு வலது ஒரு அளவு, இடது ஒரு அளவு. ரப்பர் நிற்கவே மாட்டேன் என்றால் ஸ்பஞ்சு முனை தனியாகக் கிடைக்கும். அதை விரலில் உருட்டி ஒடுக்கி, இன்னொரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருக வேண்டும். உள்ளே போனதும் மெதுவாக விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும்.

இனி பெட்டி. ஐபாட் 2001 அக்டோபரில் அறிமுகமானது. 2022 மே மாதம் ஆப்பிள் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. சோனியும் சீனாவின் ஃபியோவும் இன்னும் தனி பிளேயர் விற்கிறார்கள். போன் மணியும் வாட்ஸப்பும் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒலியின் தரத்துக்காக என்றால், கையில் இருக்கிற போனும், அதன் டைப்-சி துளையில் செருகி இயர்போன் வயரை மாட்டிக்கொள்ளும் டாங்கிளும் போதும். உள்ளே டாக் சிப் (டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சைகையாக மாற்றுவது) இருக்கிற டாங்கிளா என்று கேட்டு வாங்குங்கள்; சிப் இல்லாத மலிவு ரகம் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. வாசகருக்கு என் கணக்கு: இயர்போனுக்கு 3,000, டாங்கிளுக்கு 1,000, மிச்சத்தை பீரோவில் வைக்கலாம்.

தனி பிளேயர்தான் வேண்டும் என்றால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். சினிமாப் பாட்டுக்கு இது பொருட்டில்லை. ராகம், தானம், பல்லவியைத் தனித்தனிக் கோப்பாக நறுக்கிய கச்சேரியில், ஒவ்வொரு வெட்டிலும் அரை விநாடி மௌனம் விழுந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இயர்போன் அட்டையில் ஓம் (மின்தடை அளவு) என்று ஒரு எண் இருக்கும். 16, 32 என்றால் பொதுவாகப் போனுக்குச் சரி. சென்ஹெய்சர் எச்டி 600 போல 300 ஓம் ஹெட்போனைப் போனில் நேரே செருகினால் முனகத்தான் செய்யும்.

ப்ளூடூத் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் குறுந்தகட்டில் இருப்பது விநாடிக்கு 1,411 கிலோபிட்; சோனியின் எல்டாக் என்ற ப்ளூடூத் முறை அதிகபட்சம் 990 அனுப்பும். ஐபோனில் எல்டாக் கிடையாது. அதைவிடப் பெரிய குறை பேட்டரி. வயரில்லாத குட்டி இயர்போனுக்குள் இருக்கும் பேட்டரி தேய்ந்தால், பெரும்பாலும் முழு இயர்போனையும் தூக்கிப்போட வேண்டியதுதான். வயர் இயர்போனில் அந்தக் கவலை இல்லை; வயரைக் கழற்றி மாற்றும் வகை என்றால் வயர் அறுந்தாலும் கவலை இல்லை.

பொருந்திய முனை இன்னொரு நன்மையும் செய்யும். பஸ் இரைச்சல் உள்ளே வராததால் வால்யூமைக் கூட்டத் தோன்றாது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி.

கடைக்குப் போகும்போது, மூச்சு விடும் இடம்கூடத் தெரிந்த அளவுக்குப் பழகிய பதிவு ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டு எந்த இயர்போனிலும் நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

(தொடரும்)