இராயப்பேட்டையில் நின்ற ‘தமிழன்’ தங்கவயலில் உயிர்பெற்றது எப்படி?

கோலார் தங்கவயல்: சென்னை இராயப்பேட்டையில் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, நிறுவியவரின் மறைவுக்குப் பின் நின்றுபோன ஒரு தமிழ் இதழ், 1926-இல் அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் சுரங்க நகரான கோலார் தங்கவயலில் இருந்து மீண்டும் வெளிவந்தது. அதன் பெயர் ‘தமிழன்’. பெரும் செல்வந்தர்களோ அரசியல் கட்சியோ அதன் பின்னணியில் இல்லை. அதைத் தாங்கி நின்றவர்கள் வாசகர்களே.

இதழைத் தொடங்கியவர் சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர். முதல் இதழ் 1907 ஜூன் 19, புதன்கிழமை அன்று வெளியானது. விலை ஒரு பைசா, அதாவது காலணா. ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்ற கணக்கு வழங்கிய காலம் அது. விலையையே பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என வெளிவந்த இதழ், ஓராண்டு கழித்து ‘தமிழன்’ எனச் சுருங்கியது. யாருக்காக நடத்தப்பட்டது என்பதை அந்தப் பழைய பெயர் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அரசியல், மருத்துவம், பௌத்த வரலாறு, வாசகர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை என அனைத்துக்கும் அதில் இடம் இருந்தது. சாதியின் பெயரால் கல்வியும் கண்ணியமும் மறுக்கப்பட்டவர்கள், தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்ளும் களமாக அது விளங்கியது. இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குப் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் அதற்கு வாசகர்கள் இருந்தனர்.

1914 மே 5 அன்று பண்டிதர் காலமானார். அவருடைய மகன் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார். பின்னர் அது தொடர்ச்சியை இழந்தது. ஆசிரியர் ஒருவரின் உழைப்பையே நம்பியிருக்கும் சிற்றிதழ்கள் அவரோடு முடிந்துவிடுவது புதிதல்ல.

தங்கவயலின் சூழல் வேறாக இருந்தது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணிகளை விரிவுபடுத்தியபோது, வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களில் இருந்து ஏராளமான தமிழர்கள், குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், அங்கு குடியேறினர். பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைக்கும் வேலைதான். ஆயினும் கிராமத்து நிலவுடைமையாளரைச் சாராமல் கையில் காசாகக் கிடைத்த கூலி, சந்தா செலுத்தவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் கூட்டம் நடத்தவும் வழிவகுத்தது. பண்டிதர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் இயங்கின. ‘தமிழன்’ இதழில் வந்த கட்டுரைகளை நூல்களாக வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில்தான் செயல்பட்டது. ஆகவே, இதழ் நின்ற பிறகும் அதை வாசித்த சமூகம் கலையவில்லை.

இந்த அடித்தளத்தின் மீதே புலவர் ஜி. அப்பாதுரையார் 1926-இல் இதழை மீட்டெடுத்தார். அவர் பழைய இதழை அப்படியே நகலெடுக்கவில்லை. ஓராண்டுக்கு முன்புதான் ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ தொடங்கியிருந்தது. பண்டிதரின் பௌத்தச் சிந்தனையைப் புதிதாக எழுந்த சுயமரியாதை இயக்கத்தோடு இணைக்கும் பாலமாக இரண்டாம் கட்டத் ‘தமிழன்’ செயல்பட்டது. பெயரும் கொள்கையும் பழையவை, விவாதங்கள் புதியவை. 1930-களிலும் இதழ் தொடர்ந்தது. கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் 1930-இல் பெரும் வேலைநிறுத்தம் செய்த ஊரும் இதுவே.

ஒரு வட்டத்தைச் சேர்ந்தவர்களே தமக்காக எழுதி, அச்சிட்டு, கைமாற்றிக்கொள்ளும் இதழ்களை மேலைநாடுகளில் ‘ஃபேன்சீன்’ என்பர். இலண்டன் இரவு நடன விடுதிகளின் இசை, உடை, கால்பந்து ஆகியவற்றைப் பற்றி நண்பர்கள் சிலர் 1986-இல் தொடங்கிய ‘பாய்ஸ் ஓன்’ அவ்வகையில் பெயர்பெற்றது. கேளிக்கையையும் சமூக விடுதலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும் இயங்கும் முறையில் ஒற்றுமை தெரிகிறது. அங்கே நடன அரங்கம் செய்த வேலையை இங்கே சங்கம் செய்தது.

இத்தகைய இதழ்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. மலிவான தாளில் அச்சாகும் அவற்றை நூலகங்கள் பெரும்பாலும் சேர்த்துவைப்பதில்லை. ‘தமிழன்’ பிரதிகளைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்தவர்களுள் அன்பு பொன்னோவியம் குறிப்பிடத்தக்கவர். ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலின் முதல் இரு தொகுதிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. அதன் பிறகே பண்டிதரின் எழுத்து பரவலான ஆய்வுக்கு உள்ளானது. மூன்றாம் தொகுதி 2003-இல் வந்தது. அதற்குள், 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன. பண்டிதருக்கு இந்திய அஞ்சல் துறை சிறப்புத் தபால்தலை வெளியிட்டது 2005-இல்.