ஆற்றுக்குள் நிற்கும் கிணறு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் முக்கொம்பு பஸ் ஏறுகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடமுருட்டி தாண்டியதும் சாலை காவிரிக் கரையோடு போகும். கம்பரசம்பேட்டைப் பக்கம் ஆற்றுக்குள் உருண்டையான கான்கிரீட் கட்டடங்கள் தெரியும். தண்ணீர் புரண்டு வரும்போது அவை குட்டித் தீவுகள்; கோடையில் மணலில் நிற்கும் காவல் கோபுரங்கள். உச்சியில் மோட்டார் அறை, அங்கிருந்து கரைக்குப் பருத்த குழாய். திருச்சியின் குடிநீர் வரும் வழி இதுதான். மாநகராட்சிக்காரர்கள் கலெக்டர் வெல் என்பார்கள்.

மேலே தெரிவது கொஞ்சம்தான். மணலுக்குள் பல மீட்டர் இறங்கும் அந்தக் கிணற்றின் அடியிலிருந்து, சக்கரத்தின் ஆரங்களாக, துளையிட்ட குழாய்கள் நாலாபுறமும் படுக்கை வாட்டத்தில் ஓடுகின்றன. ஆற்று நீர் மணல் வழியாகக் கசிந்து, கலங்கலைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டுக் குழாய்க்குள் நுழையும். பிறகு குளோரின் கலந்தால் போதும் என்கிற அளவுக்குத் தெளிந்துவிடுகிறது. 1930-களில் லண்டனில் இதைச் செய்துகாட்டியவர் லியோ ரானி என்ற அமெரிக்கப் பொறியாளர். எண்ணெய் எடுக்கும் தொழிலிலிருந்து வந்தவர்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மற்ற மாதங்களில் காவிரி வறண்டதாகத் தோன்றினாலும் மணலுக்கடியில் ஈரம் நகர்ந்துகொண்டே இருக்கும். கிணறு நம்பியிருப்பது அதைத்தான்.

இந்தக் கிணற்றைக் கட்டும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளம் தோண்டிவிட்டுக் கட்டுவதில்லை. ஆற்று மணலில் நிரவிய மேட்டின்மேல் சுவரை முதலில் எழுப்புகிறார்கள். நீர் ஓடும் இடமென்றால் மண் கொட்டி ஒரு திட்டே உண்டாக்குவார்கள். பிறகு சுவருக்குள் இருக்கும் மணலை வாரி எடுக்க எடுக்க, சுவர் தன் பாரத்தாலேயே இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே கட்டுவார்கள். உறைகிணற்றுக்கு உறை இறக்கிய ஊர்களில் இது புதுக் கதையல்ல. கீழடியிலும் சுடுமண் உறைகள் கிடைத்திருக்கின்றனவே! ஒரு பக்கம் கூடுதலாகத் தோண்டிவிட்டால் மட்டும் மொத்தமும் சாய்ந்துவிடும்.

ஆற்றுக்குள் நிற்கும் எதன் அடிமணலையும் வெள்ளம் அரித்துச் செல்லும். 1928-ல் திறந்த பழைய கொள்ளிடம் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டில் சரிந்தது அப்படித்தான். கிணற்றுக்கோ இன்னொரு கவலையும் உண்டு: மணலே அதன் வடிகட்டி. லாரிகள் அள்ளிப்போனால் குழாய்க்கு மேலுள்ள படுகை மெலியும், நீர்மட்டமும் இறங்கும். கிணறுகளுக்கு ஊற்று வற்றாமலிருக்கத்தான் கம்பரசம்பேட்டையில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள்.