முதுமையில் நினைவை அளப்பது எப்படி?

தெரிந்தவர் பெயர் சட்டென்று நாக்கில் வராவிட்டால், 'வயசாயிடுச்சு' என்கிறோம். அது வயதா, நோயா? எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஆந்த்ரே ரே வகுத்த சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 15 சொற்களை, நொடிக்கு ஒன்றாக வாசிப்பார்கள். நினைவில் நின்றதைச் சொல்ல வேண்டும். அதே பட்டியல் 5 முறை. முதலில் ஐந்தாறு சொல் சொன்னவர் கடைசியில் பத்தைத் தொடலாம். இந்த ஏற்றம்தான் கற்கும் திறன். பிறகு வேறொரு பட்டியலைத் தந்து குழப்புவார்கள். சுமார் அரை மணி கழித்துப் பழைய பட்டியலையே கேட்பார்கள்.

அடுத்த கட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நினைவுக்கு வராத சொல்லை மற்ற சொற்களோடு கலந்து வாசித்தால், நலமான முதியவர் பெரும்பாலும் "இது இருந்துச்சே!" என்று கண்டுகொள்வார். சொல் மூளையில் பதிந்திருக்கிறது. தேடி எடுப்பதில்தான் தாமதம். அல்சைமர் நோயில், மூளையில் நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சிதைவதால் பதிவே சரியாக நிற்பதில்லை. நினைவூட்டினாலும் பெரிதாகப் பயன் இராது.

மதிப்பெண்ணை வயதோடும் படிப்போடும் சேர்த்தே பார்க்க வேண்டும். பள்ளிக்கே போகாத பாட்டியைப் பட்டதாரிகளோடு ஒப்பிடுவது அநியாயம். காது மந்தமானாலும் மதிப்பெண் குறையும். வீட்டுப் பெரியவரைச் சோதனைக்கு அழைத்துப் போகிறீர்களா? அவருடைய காதுக் கருவியைக் கையோடு கொண்டுபோங்கள்.