விளக்கைக் கண்டு மயங்காதீர்கள்!

என் அக்காள் மகன் கல்லூரி மாணவன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், சென்ற ஆண்டு ஒரு 'கேமிங்' கீபோர்டு வாங்கி வந்தான். தீபாவளி மத்தாப்பைப் போல் அது ஏழு வண்ணத்தில் ஜொலித்தது. ஆனால் ஆட்டத்தில் பையன் தோற்றுக்கொண்டே இருந்தான்.

"மாமா, அழுத்துகிற விசை விழமாட்டேன் என்கிறது" என்றான்.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்" என்று நானும் கேலி செய்தேன். பிறகுதான் சோதித்துப் பார்த்தோம். நான்கு எழுத்துகளை ஒருசேர அழுத்தினால், திரையில் இரண்டுதான் விழுந்தன. குற்றம் பையன் மேல் இல்லை!

பேய் விசை

கீபோர்டின் அடியில் கம்பி வழிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டி ஓடுகின்றன. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளை ஒரே சமயத்தில் அழுத்தினால், நாலாவது மூலையும் அழுத்தப்பட்டது போல் ஒரு பொய்த் தோற்றம் உண்டாகிறது. இதற்குப் 'பேய் விசை' என்றே பெயர். இதைத் தவிர்க்க, மலிவான கீபோர்டுகள் சில விசைகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நல்ல கீபோர்டில் விசைக்கு ஒரு டையோடு வைத்திருப்பார்கள். பெட்டியின் மேல் 'என்-கீ ரோல்ஓவர்' என்று போட்டிருந்தால், எத்தனை விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும் என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சிவப்பா, நீலமா?

சாதாரண கீபோர்டில் விசைகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்சு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த 'எம்.எக்ஸ்.' சுவிட்சுகளின் வண்ணப் பெயர்களையே இன்று மற்றவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்.

சிவப்பு, தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு, நடுவில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டும். நீலம், 'டிக்' என்று சத்தமும் போடும். செர்ரியின் சிவப்பு சுவிட்சு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். ஓடி ஆடும் விளையாட்டுக்குச் சிவப்பைப் பலரும் விரும்புகிறார்கள். நீலத்தை வாங்குமுன் வீட்டில் உள்ளவர்களின் தூக்கத்தையும் நினைத்துப் பாருங்கள்!

காந்தத்தின் வேலை

இப்போது காந்த சுவிட்சும் வந்திருக்கிறது. 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவுதான் இதற்கு ஆதாரம். விசை எவ்வளவு இறங்கியது என்பதைக் காந்தத்தைக் கொண்டு அளப்பதால், எந்த ஆழத்தில் பதிய வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். விரலைச் சற்றுத் தூக்கியதுமே விசை விடுபட்டுவிடும். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதனால் பெயர் பெற்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எதிரெதிர் திசை விசைகளைத் தானாகவே மாற்றிக் கொடுக்கும் வசதியை, 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' ஆட்டத்தின் அதிகாரபூர்வமான சர்வர்களில் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தடை செய்தது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கியும் பயன் இல்லை!

எண்ணைக் கண்டு அஞ்சாதீர்

'வினாடிக்கு 8,000 தடவை' என்று விளம்பரம் செய்கிறார்கள். கீபோர்டு கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும் வேகம் அது. வினாடிக்கு 1,000 என்றாலே ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிதான் ஆகிறது. வீட்டிலுள்ள சாதாரணத் திரையோ வினாடிக்கு 60 படங்களைத்தான் காட்டுகிறது. ஆகவே 1,000 நமக்குத் தாராளமாகப் போதும்.

அளவையும் கவனியுங்கள். முழுக் கீபோர்டில் 104 விசைகள். வலப்புற எண் பகுதி இல்லாத வகையில் 87. கணக்கு எழுதும் வேலை இல்லாவிட்டால் 87 நல்லது. மவுஸை வீசி ஆட்ட இடம் கிடைக்கும். சுவிட்சைக் கழற்றி மாட்டும் வசதி இருந்தால், ஒன்று பழுதானாலும் முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம்.

இந்தத் தடவை மாமாவும் மருமகனுமாக ரிச்சி தெருவுக்குப் போனோம். கடையிலேயே நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்து, 87 விசைகள் கொண்ட சிவப்பு சுவிட்சுக் கீபோர்டு ஒன்றை வாங்கினோம். விளக்கு ஒரே வண்ணம்தான். அக்காள் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

பையன் இன்னும் சில நாள் தோற்கத்தான் செய்கிறான். ஆனால் இப்போது கூடம் கோணல் என்று சொல்ல முடியாதே!