கிளட்ச் நழுவுவது ஏன்?

உராய்வு என்றாலே இழப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உராய்வு குறைந்துபோனால் என்ன நேரும் என்பதை ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு நாள் நான் கண்டுகொண்டேன்.

சித்தப்பாவின் பழைய 350 சி.சி. புல்லட்டில் அம்மாவைப் பின்னால் அமர்த்தி ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். எஞ்சின் உறுமியது, வண்டி ஏறவில்லை. பின்னோக்கி நகர்ந்த வண்டியை இரு பிரேக்குகளாலும் நிறுத்தி அம்மாவை இறக்கினேன். அவர் பேருந்தில் திரும்பினார். நான் வண்டியை மெல்ல இறக்கிக் கொண்டுவந்தேன். பட்டறையில் இதைக் 'கிளட்ச் ஸ்லிப்' என்பார்கள்.

எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவது கிளட்ச். உராய்வுப் பொருள் பதித்த தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் இறுக்கப்பட்டிருக்கும். லீவரைப் பிடித்தால் தட்டுகள் பிரியும், விட்டால் கவ்வும். அவை கடத்தும் முறுக்குவிசை இரண்டைப் பொறுத்தது: உராய்வுக் குணகம், அழுத்தும் விசை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நழுவல்தான்.

'டிரையல்ஸ்' போட்டி வீரர்களோ இந்த நழுவலை வேண்டுமென்றே ஆள்கிறார்கள். பாறையிலும் ஓடையிலும் காலூன்றாமல் கடக்க வேண்டிய போட்டி அது. ஒருமுறை காலூன்றினால் 1 புள்ளி, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் 3, கடக்கத் தவறினால் 5. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டு வண்டியில்தான். லீவரைப் பாதி பிடித்தபடியே ஏறுவதால் தட்டுகள் சூடேறித் தேயும். ஆகவே பழுதறியும் முறை அவர்களுக்கு மிக அவசியம், நமக்கும்தான்.

முதலில், நழுவல்தானா என்று உறுதி செய்ய வேண்டும். சிறு ஏற்றத்தில், மேல் கியரில், மெதுவாகச் செல்லும்போது ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகுங்கள். எஞ்சின் ஓசை மட்டும் எகிறி வேகம் கூடாவிட்டால் நழுவல். இரண்டும் சேர்ந்தே சோர்ந்தால் குறை எஞ்சினில் இருக்கலாம். பழைய புல்லட்டில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகச் செல்வதால், கிக்கர் எஞ்சினைச் சுழற்றாமல் இறங்குவதும் ஓர் அடையாளம். தட்டுகளைத் தொடாமல் கிளட்ச் கூடையையே கிக்கர் திருப்பும் வண்டிகளில் இந்த அடையாளம் தெரியாது.

இரண்டாவது, லீவரின் விளையாட்டு. கேபிள் வண்டிகளில் சுமார் 2 முதல் 3 மி.மீ. தளர்வு வேண்டும். தட்டுகள் தேயத் தேய, அடுக்கு மெலிந்து, இந்தத் தளர்வு தானே குறையும். ஹைட்ராலிக் கிளட்சில் திரவம் திரும்பும் சிறு துளை அடைபட்டாலும் அழுத்தம் தங்கி இதே விளைவு உண்டாகும்.

மூன்றாவது, எண்ணெய். தட்டுகள் எண்ணெயில் நனையும் வண்டிக்கு, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கொண்ட கார் எண்ணெய் ஆகாது. 'ஜாஸோ எம்.ஏ.' என்ற குறியுள்ளது ஏற்றது.

இம்மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே கிளட்சைத் திறக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் குறுகினவா, உராய்வுத் தட்டுகள் தேய்ந்தனவா என வெர்னியரால் அளந்து, வண்டியின் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடலாம். எஃகுத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் நெளிவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறியதன் அடையாளம்.

என் வண்டிக்குத் தட்டுகள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். செலவழிக்கும் முன் லீவரைப் பார்த்தேன், தளர்வே இல்லை. முந்திய வாரம் லீவர் 'லூசாக' இருக்கிறதென்று கேபிளை இறுக்கியவன் நானே! லீவரை எந்நேரமும் சிறிது பிடித்தபடியே வண்டியை ஓட்டியிருக்கிறேன். கேபிளைத் தளர்த்தி, அடுத்த ஞாயிறன்று தனியாக அதே வளைவில் ஏறிப் பார்த்தேன். நழுவவில்லை.

செலவில்லாத சோதனையை முதலில் செய்க. அதிலும் நம் கை பட்ட இடத்தை முதலில் பார்க்க. அன்று நான் கற்ற பாடம் இதுவே. அதன்பின்னரே அம்மாவை மீண்டும் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன்.